உப்புக் காற்றில் வில் பட்டை: ஏர்வாடிக் கரையில் பழைய ஜீப்பின் பின்பக்கம்

வில் வண்டி என்றொரு சொல் நம்மிடம் உண்டு. மாட்டு வண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டி, சக்கரம் பள்ளத்தில் விழும் அடியை அந்தப் பட்டைகளே வாங்கிக்கொள்ளும்படி செய்த வண்டி அது. ஜீப் நம் ஊருக்கு வந்தபோது அதன் அடியிலும் அதே வில்தான் இருந்தது. பம்பாயில் மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ பாகங்கள் மாறியும், பின்பக்கத்து வில் மட்டும் பல பத்தாண்டுகள் மாறவில்லை. எம்எம் 540, மேஜர், 2000-இல் வந்த பொலிரோ, 2010-இல் வந்த முதல் தார், டாட்டா சுமோ, நான்கு சக்கரத்துக்கும் பட்டை கொண்ட மாருதி ஜிப்சி எல்லாவற்றிலும் பின் அச்சைத் தாங்குவது பட்டைதான். 2020-இல் வந்த புதிய தாரில்தான் அந்தப் பெயர் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது.

ஏர்வாடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தப் பழைய வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. தர்காவுக்கு வருபவர்களை ஏற்றிப்போகின்றன. வலையும் ஐஸ் பெட்டியும் சுமக்கின்றன. கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கினால் உப்பளக் கரை, பனங்காட்டு மணல், சீமைக்கருவேலங்கரி ஏற்றும் செம்மண் தடம் என்று சாதாரணக் கார் போகத் தயங்கும் வழிகள் நிறைய உண்டு. கொஞ்சம் கிழக்கே தனுஷ்கோடியின் கதை எல்லாருக்கும் தெரியும். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அங்கே போகச் சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் சேற்றிலும் முழங்கால் உப்புத் தண்ணீரிலும் ஜீப்புகளும் வேன்களும்தான் ஆட்களைக் கொண்டுபோயின. அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட பிறகே அந்த ஓட்டம் நின்றது. தனுஷ்கோடி என்ற பெயருக்கே வில்லின் முனை என்றுதான் பொருள்.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர் எல்லாரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பின்னாடி படுத்துருச்சு, என்ன செய்யலாம்?" அதற்குக் கரையெங்கும் நான்கு பதில்கள் கிடைக்கும். பழைய பட்டையைக் காய்ச்சி வளைவு ஏற்றலாம் என்பார் ஒருவர். கூட ஒரு பட்டை போட்டுவிடலாம் என்பார் இன்னொருவர். முழுக் கட்டையும் கழற்றிப் புதுசு போடு என்பது மூன்றாவது. நான்காவது, நகரத்து இளைஞர்கள் சொல்வது: பட்டையையே தூக்கிப் போட்டுவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வை. நான்கையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பட்டையைத் தின்பது பள்ளத்தையும் பாரத்தையும் விட உப்புதான். உப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

மன்னார் வளைகுடாக் கரையில் இரும்பு எப்படி அழிகிறது என்பதைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மண்டபத்தில் அதன் ஆய்வு நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று அங்கே அளக்கிறார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நாட்டில் துரு மிக வேகமாக ஏறும் இடங்களில் அது ஒன்று என்பதுதான். பக்கத்தில் நிற்கும் பாம்பன் பாலமே இதற்குச் சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தக் கடைசிச் செய்தி. இரண்டு இரும்புகள் சேரும் இடுக்கில்தான் உப்பு நீர் தங்குகிறது. காற்று படும் முகம் காய்ந்துவிடும், இடுக்கு காயாது. பாலம் கட்டியவர்கள் அந்த இடுக்கையே இல்லாமல் செய்யப் பார்த்தார்கள்.

வில் பட்டையோ இடுக்குகளாலேயே ஆனது. ஐந்தோ ஏழோ பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, நடுவில் ஒரு சென்டர் போல்ட், அதை இறுக்கிப் பிடிக்க இரண்டு யூ போல்ட், ஓரங்களில் கிளிப். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியும். வீட்டில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். கடலோரத்தில் இரவு ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே மழை பெய்யாத மாதத்திலும் பட்டைகளின் நடுவே இரவுதோறும் ஈரம் ஊறுகிறது. கொண்டல் அடித்தாலும் வாடை அடித்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நனைகிறது.

இனி ஒரு கணக்கு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆறு மில்லிமீட்டர் பட்டை ஒன்று மேலும் கீழும் அரை அரை மில்லிமீட்டர் துருவில் கரைந்து ஐந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது பெரிய தேய்மானமாகத் தெரியாது. ஆனால் விறைப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விட்டது. அதே பாரத்துக்கு அந்த இரும்பு தாங்க வேண்டிய இழுவிசை முன்னைவிட நூற்றுக்கு நாற்பத்துநான்கு கூடிவிட்டது. அதோடு துரு சமமாகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்கிறது. ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு வித்து. பாரம் ஏறும்போது பட்டையின் மேல் முகம் இழுபடுகிறது, கீழ் முகம் நசுங்குகிறது. விரிசல் இழுபடும் முகத்தில்தான் பிறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பட்டையைத் தவிர மற்ற எல்லாப் பட்டைகளின் மேல் முகமும் அடுத்த பட்டைக்கு அடியில் மறைந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவருவது இதனால்தான் போதாது. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெர்னியரால் நாலைந்து இடத்தில் கனம் அளந்தால்தான் நிலைமை தெரியும்.

அதற்கு முன்னால் தரையில் நின்றே பார்க்கக்கூடியவை சில. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் பட்டை முறிந்திருக்கலாம், அல்லது சேசிஸில் பட்டையைத் தாங்கும் ஹேங்கர் உளுத்திருக்கலாம். பின் சக்கரம் ஒன்று மற்றதைவிட முன்னே தள்ளி நின்றால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது ஆபத்தானது. பட்டை வண்டியில் பட்டைக்கு இரண்டு வேலை. பாரத்தைத் தாங்குவது ஒன்று, அச்சை அதன் இடத்தில் பிடித்துவைப்பது மற்றொன்று. பிரேக் போடும்போதும் மணலில் சக்கரம் திணறும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கையும் பட்டையே வாங்குகிறது. மெயின் பட்டை முறிந்தால் வண்டி தாழ்வது சின்ன விஷயம், பின் அச்சு தன் போக்கில் திரும்பத் தொடங்குவதுதான் பெரியது. இரண்டாம் பட்டையின் முனையையும் மெயின் பட்டையின் கண்ணை, அதாவது அதன் முனை வளையத்தை, சுற்றி வளைத்துவிடும் பழைய வழக்கம், மெயின் பட்டை போனாலும் அச்சு கழன்று ஓடாமல் இருக்கத்தான்.

இப்போது அந்த நான்கு பதில்கள்.

காய்ச்சி வளைப்பது எளிதான வழி, பலருக்குக் கையில் இருக்கும் காசுக்கு எட்டிய வழி. அதைச் செய்பவர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த உருக்கு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்த உருக்கை ஏறத்தாழ 850 பாகை செல்சியஸுக்கும் மேலே சூடாக்கி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, மறுபடி 450 முதல் 500 பாகை வரை சூடுகாட்டிப் பதப்படுத்துகிறார்கள். அதற்குமேல் சிறு எஃகு மணிகளை வீசியடித்து மேல் முகத்தை நெருக்குகிறார்கள். விரிசல் பிறக்காமல் காப்பது அந்த நெருக்கம்தான். துருத்தி உலையில் செஞ்சூடாக்கி வளைத்துக் காற்றில் ஆறவிட்டால் பதமும் நெருக்கமும் இரண்டும் போகும். வளைவு வந்துவிடும், வில்லின் குணம் வராது. இரண்டு மூன்று நடை பாரம் ஏற்றியதும் வண்டி மறுபடி படுக்கும். சூடாக்காமல் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றுவது இதைவிடப் பாதுகாப்பு. ஆனால் குழி விழுந்த பட்டைக்கு அதுவும் ஆகாது. கனம் குறையாத, குழி விழாத, சோர்ந்து மட்டும் போன பட்டைக்கு ஒரு முறை செய்யலாம். கரையோர வண்டியில் அப்படிப்பட்ட பட்டை கிடைப்பது அரிது.

கூட ஒரு பட்டை போடுவது கரி லோடு, மீன் பெட்டி ஏற்றுபவர்களுக்குப் பிடித்த வைத்தியம். பாரம் தாங்கும், உண்மைதான். ஆனால் பள்ளத்தில் விழும் அடி எங்கே போகும்? பட்டை வாங்காத அடியை ஹேங்கர் வாங்கும், அங்கிருந்து சேசிஸ் வாங்கும். இருபது ஆண்டு உப்புக்காற்றில் நின்ற சேசிஸ் அதைத் தாங்கும் நிலையில் இருக்காது. சில வண்டிகளில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் வண்டி காலி என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு பாரத்தோடு போகும்போது பிரேக் குறைவது எவ்வளவு பயங்கரம் என்று ஓட்டுநருக்குச் சொல்லத் தேவையில்லை. அச்சின் உயரம் மாறினால் ஜாயின்ட் கோணமும் மாறி யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். அளவுக்கு மேல் ஏற்றுவதை நிறுத்த முடியாவிட்டால் அந்த வேலைக்கு வேறு வண்டி தேட வேண்டுமே தவிர, ஜீப்பின் முதுகில் இன்னொரு பட்டையைக் கட்டுவது தீர்வாகாது.

சுருள் ஸ்பிரிங் நல்ல பொருள். 1970-இல் ரேஞ்ச் ரோவர் நான்கு மூலையிலும் சுருளோடு வந்து, காட்டுவழி வண்டியும் சுகமாக ஓடலாம் என்று காட்டியது. ஆனால் சுருள் பாரத்தை மட்டும் தாங்கும், அச்சைப் பிடிக்காது. அதற்குத் தனித்தனி இணைப்புக் கைகளும், அவற்றைத் தாங்கச் சேசிஸில் பற்றவைத்த புதிய பிராக்கெட்டுகளும் வேண்டும். உளுத்த இரும்பில் புது வெல்டிங் எத்தனை நாள் நிற்கும்? சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தந்தது. சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நின்று விளக்கம் சொல்லும் நிலைமை எதற்கு? இன்றைக்கும் டொயோட்டாவின் 70 வரிசை லேண்ட் குரூசர் பின்பக்கம் பட்டையோடுதான் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓடுகிறது. பட்டை பழசு என்பதால் மட்டம் இல்லை.

நான் சேர்வது மூன்றாவது பதிலோடு. கனம் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் முழுக் கட்டாக, கம்பெனி அளவிலேயே புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே ஓடும். கட்டு மாற்றும்போது யூ போல்ட், நட்டு, சென்டர் போல்ட், பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் புஷ், அந்தக் கண்ணைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் அத்தனையும் புதுசு. யூ போல்ட் ஒருமுறை இறுகியதும் இழுபட்டு நீண்டுவிடுகிறது. பழையதை மறுபடி இறுக்கினால் பிடிப்பு நிற்காது. பிடிப்பு தளர்ந்தால் அந்த ஒற்றைச் சென்டர் போல்ட்டின் மேல் முழு அச்சும் தொங்கும்.

ஆனால் புதுக் கட்டை வாங்கும் முன்னால் ஹேங்கரைத் தட்டிப் பாருங்கள். சேசிஸ் பெட்டிபோல் உள்ளே காலியானது. சக்கரம் வாரி இறைக்கும் உப்புச் சேறு உள்ளே போய்த் தங்கி, வடிதுளை அடைத்துக்கொண்டு, உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இடம் டொக் என்று மங்கும். அங்கே வெட்டி, நல்ல தகடு வைத்துப் பற்றவைத்து, வடிதுளையைத் திறந்துவிட்ட பிறகே பட்டைக்குக் காசு போட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்து, புதுப் பட்டை ஆறே மாதத்தில் ஹேங்கரோடு பிடுங்கிக்கொண்டு வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். செலவு இரண்டு மடங்கு, மனவருத்தம் தனி.

கழற்றுவதுதான் இந்தக் கரையில் பெரும்பாடு. புஷ்ஷின் உள்குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிக் கிடக்கும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கிரைண்டரால் போல்ட்டின் தலையை அறுத்துவிடுவதே நல்லது. கேஸ் வைத்துச் சுட்டால் ரப்பர் பற்றிக்கொள்ளும், டீசல் டாங்கும் பிரேக் ஹோசும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் மறையுள்ள யூ வடிவ ஷேக்கிள் இருக்கும். அவற்றில் சில இடது மறை. தெரியாமல் வழக்கம்போல் திருப்பினால் கழலுவதற்குப் பதில் இறுகும். இன்னொன்று, மணல் தரையில் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கனமான பலகை விரித்து, சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, அச்சைத் தனி ஜாக்கியில் தாங்கி வைத்த பிறகே கை வைக்க வேண்டும். மணல் சொல்லாமல் இறங்கும்.

பூட்டும்போது நிறையப் பேர் தவறவிடுவது ஒன்று. வண்டியைத் தூக்கிவைத்த நிலையிலேயே ரப்பர் புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். பட்டை தொங்கும் நிலையில் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கி, சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து சற்றே இடம் விட்டிருக்கும்.

புஷ் எது என்பதில் கருத்து பல. ரப்பர் மென்மையானது, முறுக்குக்கு இணங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதி அழுகும். பாலியூரித்தேன் எண்ணெய்க்கும் உப்புக்கும் அஞ்சாது. அடியைக் கொஞ்சம் கடுமையாகக் கொடுக்கும், கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். பித்தளை புஷ் நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தால் மணலையும் உப்பு நீரையும் வெளியே தள்ளிவிடும், அடிக்காவிட்டால் அதுவே ரம்பமாகும். வாராவாரம் கிரீஸ் கன் எடுப்பவர் பித்தளை போடட்டும். மற்றவர்களுக்குப் பாலியூரித்தேனையே சொல்வேன். எதுவானாலும் போல்ட்டுக்கு நல்ல கிரீஸ் பூசிப் போட்டால் அடுத்தமுறை கிரைண்டர் தேவைப்படாது.

பட்டைகளின் நடுவே என்ன பூசுவது? கழிவு ஆயிலை ஊற்றுவது லாரிக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். துருவை அது தடுக்கிறது, ஆனால் வழிந்து ரப்பரைக் கெடுக்கிறது, மணலை இழுத்து அரைமாவாக்குகிறது, கீழே மண்ணையும் நாசம் செய்கிறது. பூட்டும்போதே ஒவ்வொரு பட்டையையும் துத்தநாகம் நிறைந்த பிரைமரால் பூசி, நடுவே மெல்லிய கிராஃபைட் கிரீஸ் தடவினால் போதும். துரு எடுக்க ஆசிட் ஊற்றுவதும், முலாம் பூசக் கொடுப்பதும் கூடாது. இவ்வளவு கடினமான உருக்குக்குள் ஹைட்ரஜன் புகுந்து, எச்சரிக்கை இல்லாமல் முறியச் செய்யும். கிரீஸ் போட்டால் பட்டைகளின் உரசல் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய கட்டில் அந்த உரசலே பாதி ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனால் தேய்ந்த ஷாக் இப்போது ஆட்டம் காட்டும். கட்டோடு ஷாக்கையும் மாற்றிவிடுங்கள். கம்பியில் குரோம் உரிந்து எண்ணெய் கசிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒன்றோ இரண்டோ கனமான பட்டைகள் மட்டும் கொண்ட பாராபோலிக் வகையில் பட்டைகள் உரசுவதில்லை, உப்பு தங்க இடுக்கும் குறைவு. இந்தக் கரைக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். வண்டிக்கு ஒத்த அளவில் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகு வண்டியைக் காப்பது தண்ணீர். நல்ல தண்ணீர். ராமநாதபுரத்துக்காரருக்கு இது சொல்லும்போதே வலிக்கும். குடிக்கவே குடம் கணக்குப் பார்க்கும் ஊர்களில் ஜீப்பின் அடிக்குத் தண்ணீர் அடி என்று யார் சொல்வது? ஆனால் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர். அதில் கழுவினால் உப்பைக் கழுவவில்லை, புது உப்பை ஏற்றுகிறோம். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டிலிருந்து வழியும் நீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால், கடற்கரை போய்வந்த நாளில் இரண்டு வாளி பட்டைக்கும் ஹேங்கருக்கும் ஊற்றலாம். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வாளி போதும். மழை பெய்யும் நாளில் வண்டியைக் கூரைக்குள் ஒதுக்காமல், நனைந்த தார்ச்சாலையில் ஒரு நடை ஓட்டிவருவதும் கழுவியதற்குச் சமம்.

கழற்றிய பழைய கட்டு பட்டறை ஓரத்தில் கிடக்கும். அதைத் தேடி வருபவர்களும் உண்டு. சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். கொல்லர்கள் லாரிப் பட்டையை விரும்பி வாங்குவது அந்த உருக்கு கூர்மையைப் பிடித்துவைக்கும் என்பதால். ஜீப் பட்டையில் குழி விழாத ஒரு முழ நீளம் கிடைத்தாலும் அவர்களுக்குப் போதும். செஞ்சூடாக்கி, அடித்து நீட்டி, விளிம்பை எடுத்து, தண்ணீரில் முக்கிப் பதம் பார்த்தால், வில்லுக்கு ஆகாத அந்தச் சூடு அரிவாளுக்கு ஆகிவிடும். பனையேறி இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போய்ப் பாளை சீவுகிற அரிவாளாக அது மறுபடி இந்தக் கரைக்கே வரும்.